ஆஸ்பத்திரிப் பாடம்

அக்கா,

உங்கள் அரபி நோட்டு மூன்று நாட்களாக என்னிடம் இருக்கிறது. ஊதா அட்டை. முனை மடங்கிவிடக் கூடாதென்று நாலு மூலையிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தீர்களே, அதே நோட்டு. திறந்தால் இப்போதும் டெட்டால் வாசனை. நர்ஸ் டியூட்டி முடித்து வார்டிலிருந்து நேராக பஸ்ஸுக்கு ஓடிவருவீர்கள், டிபன் டப்பாவோடு சேர்த்து இதையும் பையில் திணித்திருப்பீர்கள். அந்த வாசனை இன்னும் தாளில் இருக்கிறது. மூன்று நாளாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்று அம்மா கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

சனிக்கிழமை ஏற்காடு பஜாரில் மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். உங்கள் தம்பி ஆரோக்கியம் ஜீப்பை ஓரமாக நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். உங்களை அடக்கம் செய்த அன்று பார்த்ததுதான், நாற்பது நாளுக்கு மேலாகிவிட்டது. தாடி வளர்ந்திருந்தது. சீட்டுக்கு அடியிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார்.

“அக்கா நோட்டுங்க. உள்ள செவப்புல இருக்கறது உங்க எழுத்துதானுங்களே? எங்க ஊட்டுல அரபி படிக்க யாரு இருக்கறாங்க. நீங்களே வெச்சுக்குங்க.”

வாங்கிக்கொண்டேன். சும்மா நிற்க முடியாமல், எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் இப்படி ஆகிவிட்டதே என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“பத்து நாளுங்களா? ஏனுங்க, அக்காளே போயாச்சு, இன்னும் எதுக்குங்க மறைக்கோணும்? போன ஆகஸ்ட்லயே கோயமுத்தூர்ல பார்த்துச் சொல்லிப்போட்டாங்களாமில்லீங்க, கணையத்துல கேன்சருன்னு. எங்களுக்குக் கடைசி ஒரு மாசந்தான் தெரியும். இத்தனை நாளா ஒத்தையில வெச்சுட்டிருந்தியான்னு கேட்டு அழுதேனுங்க. ‘ஒத்தையில எங்கடா, அந்தப் புள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் இருந்தேன்’னாங்க.”

அந்தப் பிள்ளை நான்தான்.

“நீங்க ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார். அதற்குள் சேர்வராயன் கோயிலுக்குப் போக வேண்டுமென்று ஒரு குடும்பம் வந்து ஜீப்பைக் கேட்டது. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

நான் நடுரோட்டில் நின்றேன் அக்கா. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். முதலில் எனக்கு உங்கள் மேல் ஆத்திரம்தான் வந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள், உண்மையைச் சொல்கிறேன். என்னிடம் நீங்கள் எதுவுமே சொல்லவில்லை. இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கீழே சேலத்துக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளாவது சொன்னீர்களா? சாகிற நேரத்தில் ஏன் என் பேரை இழுத்துவிட்டீர்கள்? இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டே கொட்டச்சேடு மினி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நோட்டைத் திறந்தேன்.

நாலாவது பக்கத்தில் விரலை வைத்து, முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன்.

சேலம் பல்கலைக்கழகத்தில் அந்தச் சனிக்கிழமை அரபி வகுப்பில் நாம் இரண்டு பேர்தான் மலையிலிருந்து வந்தவர்கள். முதல் நாள் உங்களை யாரோ ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றேன். “உக்காரு கண்ணு, நானும் உன்னாட்டம் மாணவிதான்” என்று சொல்லிவிட்டு முப்பத்தெட்டு வயதில் அப்படிச் சிரித்தீர்கள். மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும், அதற்கு அரபி தெரிந்தால் நல்லது என்றீர்கள். எனக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை மேல் ஆசை. சென்னைக்கு வைத்தியத்துக்கு வரும் அரபு நாட்டுக்காரர்கள் சொல்வதை டாக்டருக்கு எடுத்துச் சொல்லும் வேலை. முதல் வருடம் முடிந்தபோது நான் வகுப்பில் முதல். நீங்கள் தட்டுத்தடுமாறித் தேறினீர்கள். இரண்டாம் வருடம் இடைநிலைப் படிப்பு. அங்கேதான் அந்த ஜோடி முறை வந்தது.

வாணியம்பாடிப் பேராசிரியர் ஞாபகம் இருக்கிறதா அக்கா? வாரம் ஓர் உரையாடல் எழுத வேண்டும் என்றார். ஜோடியில் ஒருவர் ஒரு ஆளின் பேச்சை மட்டும் எழுதி, மற்ற ஆளின் வரிகளை வெற்றிடமாக விட வேண்டும். அடுத்தவர் அதை நிரப்பி, பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுக்க வேண்டும். “உண்மையா பொய்யான்னு நான் கேக்க மாட்டேன். வாக்கியம் நிக்குதான்னுதான் பாப்பேன்” என்பார். அதனால் அந்த வகுப்பில் இருந்த இருபது பேரும் அண்டப் புளுகர்கள் ஆனோம். காப்பித் தோட்டத்தில் கவ்வாத்து செய்து கிளை வெட்டுகிற என் அப்பாவை விவரிக்க வார்த்தை தெரியாததால் அவரை இன்ஜினியர் ஆக்கினேன். ஒற்றைப் பிள்ளையான எனக்கு அரபியில் நான்கு அண்ணன்கள் இருந்தார்கள். கல்யாணமே செய்துகொள்ளாத உங்களுக்கு அத்தர் விற்கிற கணவர் ஒருவர் இருந்தார். அவருக்கு யூசுப் என்று பேர் வைத்தீர்கள். “இந்த வாரம் யூசுப் என்ன வாங்கி வந்தாருங்க?” என்று பஸ்ஸில் நான் கேட்பேன். “அந்தாளை விட்டுத் தொலைச்சாச்சு கண்ணு, குறட்டை தாங்கல” என்பீர்கள். முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அரபியில் நோயாளி ஆனபோது அதையும் யூசுப் கணக்கில்தான் நான் சேர்த்தேன். நோட்டைத் திறந்ததும் என்னை நானே காப்பாற்றிக்கொள்ளத் தேடிய முதல் சாக்கு இது.

ஆகஸ்ட் மாதம் மூன்றாம் பாடம் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே தேதி போட்டிருக்கிறீர்கள், வார்டில் எழுதிப் பழகிய கை. நோயாளியின் வரிகள் உங்களுடையவை. டாக்டரின் வரிகள் என்னுடையவை. இப்போது தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

நோயாளி சொல்கிறாள்: சாப்பிட்ட பிறகு வலி வருகிறது. வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகிறது.

டாக்டர் கேட்கிறார்: எத்தனை நாட்களாக?

நோயாளி: மூன்று மாதமாக. எடை குறைகிறது. பெரிய ஊருக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன்.

டாக்டர்: கவலைப்படாதீர்கள். இந்த மாத்திரையைக் காலையிலும் மாலையிலும் சாப்பிடுங்கள்.

கடைசி வரி பாடப் புத்தகத்திலிருந்து நான் அப்படியே எடுத்துப் போட்டது.

நர்ஸ் என்பதால் நோயைப் பற்றி இவ்வளவு விவரமாக எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். பேராசிரியரிடம் பெருமையாக வேறு காட்டினேன். அவரும் பாராட்டினார். அடுத்த பாடம் சந்தை, அதற்கடுத்தது விமான நிலையம். உங்கள் உரையாடலில் சந்தையில் பழம் வாங்குகிறவள் வலி வந்து உட்கார்ந்துவிடுவாள். விமான நிலையத்தில் அதிகாரி பயணத்தின் நோக்கம் கேட்டால், “நான் பயணம் போகப் போவதில்லை, டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்” என்பாள். எனக்குச் சிரிப்பு.

“அக்கா, எந்தப் பாடத்துக்குப் போனாலும் நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடறீங்களே!”

“நர்ஸுக்கு வேறென்ன கண்ணு தெரியும்” என்றீர்கள். முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டீர்கள். மேகம் இறங்கியிருந்தது. வெளியே பார்க்க ஒன்றுமில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

அன்று பஸ்ஸில் நடந்ததை எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. வாய்மொழித் தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை. பஸ் நிறையக் கூட்டம், அதில் பாதிப் பேருக்கு உங்களைத் தெரியும். ஊசி போட்ட சிஸ்டர், பிரசவம் பார்த்த சிஸ்டர் என்று வழி நெடுக வணக்கம். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கத் தொடங்கியதும் நீங்கள் ஓர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டீர்கள். ஒன்பதாம் வளைவோ பத்தாவதோ, சட்டென்று பழத்தை மடியில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, உரத்த குரலில் அரபியில் சொன்னீர்கள்:

“என் உடம்பில் கெட்ட நோய் இருக்கிறது. அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்றார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது.”

கண்டக்டர் திரும்பினார். “என்ன பாஷைங்க சிஸ்டர் இது?”

“அரபிங்க. இந்த பஸ்ஸுல ஒருத்தருக்கும் புரியாது, நொம்ப நல்லதாப் போச்சு” என்று சிரித்தீர்கள். பஸ்ஸே சிரித்தது.

நான் என்ன செய்தேன் அக்கா? எனக்குத்தான் புரியுமே. அந்த பஸ்ஸில் எனக்கு ஒருத்திக்குத்தான் புரியும், அதற்காகத்தானே என்னிடம் சொன்னீர்கள். நான் சொன்னேன்: “நடுவுல நிறுத்தறீங்க. மார்க் போயிடும். இன்னொரு தடவை, மூச்சு விடாம சொல்லுங்க.”

சொன்னீர்கள். அதுவும் சரியில்லை என்று மறுபடி சொல்ல வைத்தேன். மூன்று தடவை. எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்றாவது தடவை நன்றாக வந்தது. கைதட்டினேன்.

ஒரு மொழியை அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தவறைச் செய்ய முடியும். முதல் வருடத்திலேயே இருந்திருந்தால் ‘பயம்’ என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்து, என்னவோ ஏதோ என்று பதறியிருப்பேன். நன்றாகத் தெரிந்திருந்தால் வார்த்தைகளை விட்டுவிட்டு உங்கள் குரலைக் கேட்டிருப்பேன். நான் நடுவில் இருந்தேன். எனக்கு அப்போது மனிதர்களே கேட்கவில்லை, வாக்கியம்தான் கேட்டது.

மற்றதெல்லாம் தமிழிலேயே என் கண் முன்னால் நடந்ததுதானே. யூனிபார்மின் இடுப்பில் ஊக்கு குத்தியிருந்தீர்கள். “டயட்டாங்க அக்கா?” என்று கிண்டலடித்தேன். மஸ்கட் பேச்சு நின்றுபோனது. பாஸ்போர்ட் எடுத்தாச்சா என்று கேட்டதற்கு, “அது எதுக்கு சாமி இப்ப” என்றீர்கள். டப்பாவில் கொண்டுவந்த இட்லியை என்னிடமே தள்ளினீர்கள். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு நாங்கள் கிளம்பியபோது போனில் கூப்பிட்டீர்கள்.

“உங்க சாமிகிட்ட எனக்கும் ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. எங்க மாதாகிட்ட தெனமும் கேட்டு அவளுக்கே சலிச்சிருக்கும்.”

“என்னன்னு சொல்லட்டுங்க?”

வார்டில் யாருக்கோ ஏதோ பதில் சொன்னீர்கள். பிறகு, “பரீட்சையில பாஸாகோணும்னு சொல்லு” என்றீர்கள். நானும் குகைக்குள் குனிந்து போய் அதையே வேண்டிக்கொண்டேன். பாஸானீர்கள். அறுபத்திரண்டு மார்க். என் வேண்டுதல் பலித்துவிட்டதென்று உங்களுக்கு ஒரு குறுஞ்செய்தி வேறு அனுப்பினேன்.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்று ஞாயிறு முழுக்க யோசித்தேன். ஆரோக்கியம் என்னை ரகசியத்தைக் காத்தவள் என்று நினைக்கிறார். அக்காவுக்குத் துணையாக ஒருத்தி இருந்தாள் என்ற ஆறுதல் அவருக்கு இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும். சொல்லாவிட்டால், உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள் மாதிரி நான் காலமெல்லாம் நடமாட வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் மனைவி குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நீங்கள் தூக்கிக் கொஞ்சிய பையன்தான், இப்போது குப்புற விழுந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான். நோட்டை மேசையில் வைத்துப் படித்துச் சொன்னேன். ஒவ்வொரு வரியாக, தமிழில். ஆரோக்கியம் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். செப்டம்பர் மாதப் பக்கம் வந்தது.

“நோயாளி சொல்றாங்க: வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. தம்பி மனைவி பிள்ளை உண்டாகியிருக்கிறாள். குழந்தை நல்லபடியாகப் பிறக்கட்டும்.”

ஊட்டிக்கொண்டிருந்த கை நின்றது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆரோக்கியம் நோட்டின் மேல் விரலை வைத்தார்.

“இதுக்குக் கீழ செவப்புல நீங்க என்னமோ எழுதியிருக்கறீங்களே. அது என்னங்க?”

அக்கா, மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். அடுத்த வாரம் சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேரப் போகிறேன். நேர்முகத்தில் எவ்வளவோ கேட்டார்கள், தயங்காமல் சொன்னேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கையெழுத்து. என் சிவப்பு மை.

“‘இந்த வாக்கியம் பாடத்துக்குத் தேவையில்லை’ன்னு எழுதியிருக்கறேனுங்க” என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். யூசுப்பையும் என் நான்கு அண்ணன்களையும் சொன்னேன். பஸ்ஸில் மூன்று தடவை சொல்ல வைத்ததையும் விடவில்லை. எனக்கு எதுவும் தெரியாதுங்க, உங்க அக்கா சொன்னாங்க, நான் மார்க் போட்டேனுங்க என்று சொல்லி அழுதேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நோட்டின் மேலிருந்து விரலை எடுத்தார்.

“உங்களுக்குப் புரியலைன்னு அக்காவுக்குத் தெரியுமுங்களா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியலைங்க என்றேன்.

“கடைசியா படுக்கையில கெடந்தப்ப ஒரு பக்கம் எழுதினாங்க. பின்னாடி இருந்து திருப்புங்க. அதையும் படிச்சுப்போடுங்க.”

வெற்றுத் தாள்களைத் தாண்டிப் பின்னட்டைப் பக்கம். நான் அதுவரை பார்க்காத பக்கம். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. தேதி மட்டும் ஒழுங்காக இருந்தது. வழக்கம்போல நோயாளி பேசுகிறாள், கீழே டாக்டருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறீர்கள். முதலில் மனசுக்குள் படித்துக்கொண்டேன். ஆரோக்கியம் காத்திருந்தார். பிறகு சொன்னேன்.

“டாக்டர், என்னோடு ஒரு பெண் வந்திருக்கிறாள். வாராவாரம் அவளிடம் எல்லாம் சொன்னேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்லாதீர்கள். பயந்துவிடுவாள்.”

ஆரோக்கியம் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். உள்ளே குழந்தை அழுதது. நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது அக்கா. இப்போதும் முதலில் என் கண்ணில் படுவது பிழைதான். அந்தக் கண்ணை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று தெரியவில்லை.

கிளம்பும்போது சென்னை ஆஸ்பத்திரி வேலையைச் சொல்லி, நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. “உங்ககிட்ட இருக்கட்டுங்க. அங்க வர்ற சனம் என்ன சொன்னாலும் நெசம்னு வெச்சே கேளுங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த வாரம் ஓமனிலிருந்தோ ஏமனிலிருந்தோ யாரோ ஒரு அம்மாள் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, எனக்கு வலிக்கிறது என்பார். நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன். பையில் உங்கள் நோட்டு இருக்கும். எல்லாப் பக்கத்தையும் நிரப்பிக் கொடுத்தவள், இந்தக் கடைசிப் பக்கத்தில் டாக்டரின் வரியை மட்டும் இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறேன். பாடப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. அரபியில் எழுதவும் எனக்குக் கை வரவில்லை. அதனால் தமிழிலேயே சொல்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது தெரிந்துவிட்டது அக்கா. பயமாகத்தான் இருக்கிறது.